கத்தரிக்கோல் எமது கையில்

ஒரு மணி நேரம் பேசியதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட முடியுமா? முடியாது என்றே பலரும் உடனே பதில் சொல்வார்கள். ஆனால் எமது கைத்தொலைபேசிகளில் நாளாந்தம் நடப்பது அதுதான். நீண்ட உரையாடல்களிலிருந்து வெட்டியெடுத்த சிறு துண்டுகள், நடுவில் துடிக்கும் அலைக்கோடும் கீழே ஓடும் எழுத்துமாக, ஒன்றன்பின் ஒன்றாக எம் விரலுக்கடியில் வந்து போகின்றன. அவற்றின் முழு உரையாடலையும் தேடிக் கேட்டவர்கள் எம்மில் எத்தனை பேர்? துண்டை மாத்திரம் பார்த்துவிட்டு, "அவர் இப்படிச் சொன்னாராமே" என்று அடுத்தவருக்குக் கொண்டு சேர்த்தவர்கள் எத்தனை பேர்?

எமது கல்லூரியின் ஊடகக் கழகத்தில் ஒலிப்பதிவுகளைத் தொகுக்கும் வேலை சென்ற வருடம் முதல் என் பொறுப்பில் இருக்கிறது. பதிவுகளைக் கேட்பதும், அவற்றிலிருந்து ரீல்ஸுக்கும் ஷோர்ட்ஸுக்கும் ஏற்ற துண்டுகளை எடுப்பதும் அவ்வேலையின் பகுதிகள். எனவே துண்டுகளையே வெறுக்கும் ஒருத்தியாக நான் இதனை எழுதவில்லை. வெட்டலாம், வெட்டத்தான் வேண்டும். ஆனால் வெட்டிய பின்னும் பேசியவர் சொல்ல வந்ததே அதில் மிஞ்சியிருக்க வேண்டும். அது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கும் கடமை பேசியவருக்கும் இல்லை, பார்ப்பவருக்கும் இல்லை. கத்தரிக்கோலைக் கையில் வைத்திருப்பவருக்கே உண்டு. இதுவே என் கருத்து.

'பொட்காஸ்ட்' என்ற சொல்லுக்கு வயது அதிகமில்லை. 2004 பெப்ரவரியில் பிரித்தானியாவின் கார்டியன் பத்திரிகையில் பென் ஹமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் எழுதிய கட்டுரையில்தான் அது முதலில் அச்சேறியது. ஆனால் அந்தச் சொல் குறிக்கும் பழக்கம் எமக்குப் புதியதல்ல. 1925 டிசம்பரில் கொழும்பில் வானொலி தொடங்கிய நாட்டின் பிள்ளைகள் நாம். ரமழான் மாதத்தில் முஸ்லிம் சேவையைக் கேட்டவாறே கஞ்சி காய்ச்சிய உம்மம்மாமாரின் பேத்திகள் நாம். கைகள் வேலையில் இருக்க, காது மட்டும் பேச்சில் இருக்கும் அந்த நிலையை எமது வீடுகள் நன்கறியும். பொட்காஸ்ட் அந்த வானொலியின் பேரப்பிள்ளைதான். ஒரேயொரு வேறுபாடு: வானொலியில் நேரத்தை நிலையம் தீர்மானித்தது, இங்கே கேட்பவர் தீர்மானிக்கிறார்.

அப்படியானால் அதை ஏன் வெட்ட வேண்டும்? முழுவதையும் அப்படியே விட்டுவிடலாமே என்று சில ஆசிரியைகள் எம்மிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இதுதான்: ஒலிக்கு முகப்பு இல்லை. ஒரு புத்தகத்தைக் கடையில் புரட்டிப் பார்க்கலாம். ஒரு படத்தைக் கண்ணால் கண்டவுடன் விளங்கிக்கொள்ளலாம். ஐம்பது நிமிட ஒலிப்பதிவு ஒன்று வெளியே இருந்து பார்த்தால் வெறும் தலைப்பும் ஒரு முக்கோணப் பொத்தானும்தான். அதற்குள் என்ன இருக்கிறது என்று அறிய அதைக் கேட்கவே வேண்டும். கேட்க வேண்டுமென்றால் முதலில் ஒரு விருப்பம் பிறக்க வேண்டும். அந்த விருப்பத்தைப் பிறப்பிக்கும் வாசல்தான் சிறு காணொளி.

சிலர் டேட்டா செலவைக் காரணம் காட்டுவார்கள். "முழுப் பதிவையும் கேட்க டேட்டாவுக்கு எங்கே போவது?" என்பார்கள். நான் ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேச்சுக்குப் போதுமான, விநாடிக்கு 64 கிலோபிட் என்ற வீதத்தில் சேமித்தால் ஒரு மணி நேர ஒலிப்பதிவு ஏறத்தாழ 29 மெகாபைட். விநாடிக்கு 4 மெகாபிட் என்ற வீதத்தில் தயாரித்த நிலைக்குத்துக் காணொளியோ ஒரு நிமிடத்துக்கே 30 மெகாபைட். அதாவது, ஒரு நிமிடத் துண்டின் செலவில் முழு உரையாடலையும் கேட்டுவிடலாம்! எமக்குக் குறைவாக இருப்பது டேட்டா அல்ல, பொறுமை. பொறுமை குறைந்தவரை வாசல்வரை அழைத்து வருவது தவறல்ல. வாசலையே வீடு என்று காட்டுவதுதான் தவறு.

இது எங்கே சிக்கலாகிறது என்பதற்கு எமது பதிவுகளிலிருந்தே ஒரு உதாரணம் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருடன் 47 நிமிடங்கள் உரையாடினோம். தன் இளமைக் காலத்தில் ஊரில் பெண் பிள்ளைகளின் கல்வி எப்படி இருந்தது என்று அவர் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு கட்டத்தில், "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு இவ்வளவு படிப்பு எண்டுதான் எங்கட வாப்பாவும் கேட்டார்" என்றார். பிறகு குடும்பத்தின் வறுமையைப் பற்றியும், சொந்தக்காரர்களின் கேலியைப் பற்றியும் மூன்று நிமிடங்களுக்கு மேல் பேசினார். அதன்பின் சொன்னார்: "பொறகு அவர்தான், சைக்கிள் கேரியர்ல இருந்த புடவைப் பொட்டலத்தைக் கழட்டி வெச்சிட்டு, என்னை ஏத்திக்கொண்டு போய் ஒவ்வொரு நாளும் பஸ்ஸுக்கு விட்டார். யாவாரம் பொறகு பாத்துக்கொள்ளலாம் எண்டார்."

என்னுடன் வேலை செய்யும் தோழிக்கு முதல் வசனம் மிகவும் பிடித்துக்கொண்டது. "இதை மட்டும் போடுவம். மூன்று விநாடியில் ஆளைப் பிடிச்சிரும்" என்றாள்.

"பிடிக்கும்தான். ஆனா அவங்கட வாப்பாவை ஊரே ஏசும்" என்றேன்.

"அவங்க சொன்ன சொல்லுத்தானே? நாம ஒண்டும் கூட்டல்லையே."

இந்தப் பதிலில்தான் முழுப் பிரச்சினையும் இருக்கிறது. உண்மைதான், நாம் ஒரு சொல்லையும் கூட்டவில்லை. அவருடைய குரல், அவருடைய வார்த்தை, எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு வசனத்தை மட்டும் வெளியிட்டிருந்தால், தன் வியாபாரத்தை இறக்கி வைத்துவிட்டு மகளை ஏற்றிச் சென்ற ஒரு மனிதர், மகளின் படிப்புக்குக் குறுக்கே நின்றவராக எல்லோர் மனதிலும் பதிந்திருப்பார். அவர் இப்போது உயிரோடும் இல்லை. மறுத்துப் பேச வரமாட்டார். பொய் சொல்லாமலே ஒருவருக்கு அநீதி செய்ய முடியும் என்பதைத் தொகுக்கும் மேசையில் இருந்தால்தான் விளங்கிக்கொள்ளலாம்.

இரண்டு வசனங்களையும் சேர்த்தோம். இடையில் நீக்கிய மூன்று நிமிடங்களை மறைக்காமல், ஒரு கணம் ஒலியை நிறுத்தி, 'இடையில் ஒரு பகுதி நீக்கப்பட்டுள்ளது' என்று திரையில் எழுதினோம். வெளியிடுவதற்கு முன்னர் அந்த ஆசிரியைக்குப் போட்டுக் காட்டினோம். அவர் இரண்டு தடவை கேட்டுவிட்டு, "வாப்பாட சைக்கிள் வந்திருக்கு. அது போதும் மகள், போடுங்க" என்றார். அந்தத் துண்டை இலட்சம் பேர் பார்க்கவில்லை. ஆனால் கீழ் வகுப்பு மாணவியர் சிலர் எம்மைத் தேடி வந்து, முழுப் பதிவும் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். துண்டு செய்ய வேண்டிய வேலையை அது செய்துவிட்டது.

ஒரு வசனம்தானே, இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு 2018 ஆம் ஆண்டை நினைவூட்ட விரும்புகிறேன். அந்த வருடம் பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில், முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் சாப்பாட்டில் கிடந்த மாவுக் கட்டியைக் காட்டி, கருத்தடை மாத்திரை போட்டாயா என்று சிங்களத்தில் மிரட்டிக் கேட்டார்கள். சிங்களம் சரளமாகத் தெரியாத அவர், கூட்டத்தின் நடுவே பயந்து நின்று சொன்ன தடுமாற்றமான பதில் கைத்தொலைபேசியில் பதிவாகி, ஒப்புதல் வாக்குமூலம் போலச் சமூக வலைத்தளங்களில் பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுதான் என்று அரச பகுப்பாய்வில் பின்னர் தெரியவந்தது. சில நாட்களில், வேறொரு சம்பவத்தைத் தொடர்ந்து, கண்டி மாவட்டத்தில் திகனவிலும் சுற்றுப்புறங்களிலும் வன்செயல்கள் வெடித்தன. மார்ச் 6 இல் நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப் உள்ளிட்ட தளங்கள் தற்காலிகமாக முடக்கப்பட்டன. தனது தளம் அவ்வேளையில் துஷ்பிரயோகம் செய்யப்பட்டமைக்காக 2020 மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கோரியது.

அது பொட்காஸ்ட் அல்ல என்பது எனக்குத் தெரியும். நல்ல நோக்கத்தோடு ஓர் ஆசிரியையின் நினைவுகளைத் தொகுக்கும் மாணவியரையும், அந்தக் கூட்டத்தையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஒருவர் ஒன்றைச் சொன்னார் என்பதற்கும் அவர் அதைக் கருதினார் என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை, முன்னும் பின்னும் அற்ற ஒரு சிறு துண்டு இல்லாமலாக்கிவிடுகிறது. என்ன கேட்டார்கள், எந்த மொழியில் கேட்டார்கள், எந்த நிலையில் நின்று பதில் சொன்னார் என்பதெல்லாம் துண்டுக்கு வெளியே போய்விடுகின்றன. அந்த வலியை அனுபவித்த சமூகத்தின் பிள்ளைகள், இன்னொருவரின் பேச்சை வெட்டும்போது கூடுதல் கவனமாக இருக்க வேண்டாமா?

பேச்சைச் சுருக்குவது பற்றி எமக்கு நீண்டதொரு மரபும் இருக்கிறது. ஹதீஸ் கலையில் 'இக்திஸார்' என்று ஒரு பகுதி உண்டு. ஒரு செய்தியின் ஒரு பகுதியை மட்டும் அறிவிப்பது ஆகுமா என்று ஆராய்வது அது. இமாம் புகாரி அவர்களே நீண்ட ஹதீஸ்களைப் பகுதிகளாகப் பிரித்து, வெவ்வேறு தலைப்புகளின் கீழ் பதிந்திருக்கிறார்கள். எனவே சுருக்குவது தடையல்ல. ஆனால் ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் அறிஞர் இப்னுஸ் ஸலாஹ் போன்றோர் அதற்கு நிபந்தனை விதித்தார்கள். சுருக்குபவர் விடயம் அறிந்தவராக இருக்க வேண்டும். விடப்பட்ட பகுதி, சொல்லப்பட்ட பகுதியின் கருத்தோடு பிணைந்ததாக இருக்கக்கூடாது. நபிமொழிக்கு விதித்த அதே கண்டிப்பை ஒரு பொட்காஸ்ட் துண்டுக்கும் விதிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் அந்த இரண்டாவது நிபந்தனையைவிடச் சிறந்த அளவுகோலை எந்தத் தொகுப்பு மென்பொருளின் வழிகாட்டியிலும் நான் காணவில்லை. மேலே சொன்ன சைக்கிளை அந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள்: கேள்வியும் சைக்கிளும் பிணைந்தவை, பிரித்தால் கருத்து மாறிவிடும். வறுமை பற்றிய மூன்று நிமிடங்கள் அருமையானவை. ஆனால் அவற்றை விட்டாலும் கருத்து திரிபடாது.

இந்த வேலையை இப்போது இயந்திரத்திடமே கொடுத்துவிடலாம் என்கிறார்கள். முழுப் பதிவையும் ஏற்றினால், 'சுவாரசியமான' பத்து இடங்களைத் தானே தெரிந்து, எழுத்தும் போட்டுத் தரும் செயலிகள் வந்துவிட்டன. நானும் பயன்படுத்தியிருக்கிறேன். நேரம் மிச்சமாகிறது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அது எதைச் சுவாரசியம் என்கிறது என்று கவனித்தேன். குரல் உயர்ந்த இடம், சிரித்த இடம், திடுக்கிட வைக்கும் வசனம். ஒருவர் தயங்கி, யோசித்து, தன் கருத்தைத் தானே திருத்திக்கொள்ளும் இடத்தை அது தெரிந்ததை நான் இதுவரை காணவில்லை. நல்ல உரையாடலின் உயிர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

எழுத்தின் நிலை இன்னும் மோசம். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டெம்பரில் வெளியிட்ட விஸ்பர் என்ற பேச்சறி மென்பொருள் தமிழையும் எழுதும். அதனைப் பயிற்றுவிக்க 680,000 மணி நேர ஒலி பயன்பட்டது. அதில் ஏறத்தாழ 438,000 மணி நேரம் ஆங்கிலப் பேச்சு. தமிழ் உட்பட ஏனைய 96 மொழிகளின் பேச்சை அந்தந்த மொழியிலேயே எழுதப் பழக்கியது எல்லாமாகச் சேர்த்து 117,000 மணி நேரம்தான். அதற்குள் இலங்கைத் தமிழின் பங்கு எவ்வளவு இருந்திருக்கும்? அதற்குள் 'எங்கட உம்மா'வின் பங்கு எவ்வளவு? 'எண்டு' என்பதை 'ரெண்டு' என்று எழுதுவதும், அரபுப் பெயர்களைச் சிதைப்பதும் நான் பயன்படுத்திய செயலிகளில் வாடிக்கை. சத்தத்தை அணைத்துவிட்டுத் துண்டுகளைப் பார்ப்பவர்கள் எம்மிடையே ஏராளம். அவர்களுக்கு அந்த எழுத்துத்தான் பேச்சு. ஆகவே ஒவ்வொரு வரியையும் பேச்சோடு ஒப்பிட்டுக் கையால் திருத்த வேண்டும். திருத்தும்போது 'எண்டு' என்பதை 'என்று' ஆக்கிவிடவும் கூடாது. பேசியவரின் ஊர் அந்தச் சொல்லில் இருக்கிறது.

இனி, மாணவியராகிய எமக்கே உரிய ஒரு விடயம். எம்மில் பலர் தமது முகத்தை இணையத்தில் இட விரும்புவதில்லை. சிலருக்கு அது மார்க்கப் பற்று, சிலருக்கு வீட்டாரின் விருப்பம், சிலருக்குப் பாதுகாப்பு. அது அவரவர் தெரிவு. பொட்காஸ்ட் எம் போன்றவர்களுக்குக் கிடைத்த ஒரு நல்ல மேடை. முகம் காட்டாமலே கருத்துச் சொல்லலாம், கருத்துக்காகவே கவனிக்கப்படலாம். ஆனால் ஒலியைக் காணொளியாக்கும் வேளையில், "ஒரு போட்டோவாவது போடுங்களேன், அப்பதான் ஆட்கள் பாப்பாங்க" என்ற வற்புறுத்தல் பின்கதவால் நுழைகிறது. அதற்கு இணங்கத் தேவையில்லை. நியூயோர்க்கின் பொது வானொலி நிலையமான டபிள்யூ.என்.வை.சி. 2016 இலேயே, ஓர் ஒலித்துண்டையும் ஒரு நிலையான படத்தையும் கொடுத்தால் அலைக்கோட்டுடனும் எழுத்துடனும் காணொளி ஆக்கித்தரும் மென்பொருளை எவரும் பயன்படுத்தும் வண்ணம் இலவசமாக வெளியிட்டது. 'ஓடியோகிராம்' என்று அதனை அழைத்தார்கள். இன்று அதே வேலையைச் செய்யும் செயலிகள் பல உண்டு. 1080க்கு 1920 என்ற அளவில் ஒரு படம், அதன்மேல் அலைக்கோடு, கீழே திருத்திய எழுத்து, இவை போதும். படம் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியாக இருக்கலாம். ஒரு தையல் இயந்திரமாக இருக்கலாம். ஆனால் பேச்சுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பெண்ணின் படத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டுவதும், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பேசாத ஒரு முகத்தைப் பேச வைப்பதும் வேண்டாம். அது அலங்காரமல்ல, ஆள்மாறாட்டம்.

இன்னுமொரு ஆபத்தையும் நான் அவதானிக்கிறேன். துண்டு, உரையாடலின் பிள்ளையாக இருந்த நிலை மாறி, உரையாடலே துண்டுக்காகப் பிறக்கத் தொடங்கியிருக்கிறது. ஒரு நல்ல 'பஞ்ச்' வசனம் வேண்டும் என்று பேட்டி எடுப்பவர் துருவுகிறார். பேசுபவரும் அதற்கேற்ற சூடான வார்த்தையைத் தேடுகிறார். இப்படிப் பதிவுசெய்த ஒரு மணி நேரத்தில் வெட்டியெடுக்கப் பத்துத் துண்டுகள் இருக்கும். கேட்பதற்கு ஓர் உரையாடல் இருக்காது. யூடியூப் நிறுவனம் ஷோர்ட்ஸின் உச்ச நேரத்தை 2024 ஒக்டோபரில் ஒரு நிமிடத்திலிருந்து மூன்று நிமிடங்களாக உயர்த்தியது. இடம் கூடியிருக்கிறது. அந்த மேலதிக இரண்டு நிமிடங்களை இன்னும் இரண்டு சூடான வசனங்களுக்குக் கொடுப்பதா, கேட்ட கேள்விக்கும் விளக்கத்துக்கும் கொடுப்பதா என்பதை எந்த நிறுவனமும் எமக்காகத் தீர்மானிக்காது.

"இவ்வளவு நிபந்தனை போட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள்" என்று என் தோழி இன்றும் சொல்கிறாள். அவள் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. முதல் சில விநாடிகளில் கவனத்தை ஈர்க்காத துண்டை விரல் தள்ளிவிடும். நானும் துண்டின் தொடக்கத்தைக் கவனமாகவே தெரிகிறேன். மங்கலான முன்னுரைகளை நீக்குகிறேன். 'ம்', 'ஆ' போன்ற இழுவைகளைக் குறைக்கிறேன். ஈர்ப்பது வேறு, ஏமாற்றுவது வேறு. ஆர்வத்தைத் தூண்டும் வசனத்தால் தொடங்குங்கள். அந்த வசனத்துக்குரிய பதிலையும் அதே துண்டில் கொடுத்து முடியுங்கள். பார்வைகளின் எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும். எம்மை நம்பி வாய்திறந்த ஒருவர், "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று தன் பேரப்பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லும் நிலைக்கு ஆளாவதைவிட அது எவ்வளவோ மேல்.

எனவே எமது கல்லூரியின் ஊடகக் கழகத்தின் முன்னும், இதே வேலையைத் தத்தமது வீட்டிலிருந்து செய்யும் தோழியர் முன்னும் ஐந்து விடயங்களை வைக்கிறேன். முழுப் பதிவையும் ஒருமுறையேனும் கேட்காதவர் அதை வெட்டக்கூடாது. கேள்வியை நீக்கினால் பொருள் மாறும் பதிலைக் கேள்வியோடுதான் வெளியிட வேண்டும். இடையில் நீக்கியிருந்தால் நீக்கியதாகத் திரையில் சொல்ல வேண்டும். வெளியிடும் முன்னர் பேசியவரிடம் துண்டைப் போட்டுக் காட்டி, அவர் சம்மதத்தைப் பெற வேண்டும். பதிவுசெய்ய அளித்த சம்மதத்தை வெட்டுவதற்கான சம்மதமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. ஒவ்வொரு துண்டிலும் பதிவுசெய்த திகதியும் முழுப் பதிவு இருக்குமிடமும் இருக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் பணம் தேவையில்லை. விலையுயர்ந்த கணினியும் தேவையில்லை. ஒரு துண்டுக்கு இன்னும் அரை மணி நேரம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். எம் ஊரின் மூத்த பெண்களில் பலர் இதுவரை எந்த ஒலிவாங்கியின் முன்னும் பேசியதில்லை. அவர்களிடம் நாம் இனித்தான் போகப்போகிறோம். "என்ட பேச்சை என்ன செய்வீங்க மகள்?" என்று அவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத் தயங்காமல் சொல்லக்கூடிய பதில் ஒன்றை, இந்த வருட நிருவாகக் குழு தனது முதற் கூட்டத்திலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.